சீட்டுக்கட்டுக்குக் கீழே ஒரு கிளி

பெங்களூரிலிருந்து கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்துக்குப் போகும் மாலை ரயில் ஒயிட்ஃபீல்டைத் தாண்டியதும் சீட்டாட்டம் ஆரம்பித்துவிடும். எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் நாலு பேரின் முழங்கால் மேல் யாராவது ஒருவருடைய பை படுக்கும். அதுதான் மேசை. யாருடைய பை என்பது தினமும் மாறும். இன்று வின்னியின் முறை.

“பேக்க குடு மச்சா,” என்றான் ஜெயகரன், சீட்டைக் கலைத்தபடியே.

வின்னி பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டான். “இன்னிக்கு வேணாம்டா. வேற யார்துனா எடுங்க.”

“ஏன், உள்ள இன்னா, தங்கமா கீது? அதான் எப்பவோ தீந்துபோச்சே!” என்றார் கிடங்குக் காவலாளி ஏனோக். பெட்டியே சிரித்தது. அந்தச் சிரிப்போடு ஜெயகரன் பையை வெடுக்கென்று பிடுங்கி முழங்கால்களின் மேல் கிடத்தினான். மறுபடி வேண்டாமென்றால் திறந்து பார்ப்பார்கள். வின்னி தன் சீட்டுகளைக் கையில் எடுத்தான்.

பைக்குள் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில். அதன் வயிற்றை அறுத்து, உள்ளே காக்கட்டூ என்ற வெளிநாட்டுக் கொண்டைக்கிளியின் குஞ்சு ஒன்றைத் திணித்து, டேப் சுற்றியிருந்தார்கள். மூச்சுவிட நாலைந்து ஓட்டைகள். பழைய சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில் வின்னியின் வீட்டுக்குப் போனால் லவ்பேர்ட்ஸ் சத்தத்தில் பேசவே முடியாது, பறவைப் பைத்தியம். அவன் வழக்கமாகத் தீனி வாங்கும் பெங்களூர் கடைக்காரன் அது தெரிந்துதான் தூண்டில் போட்டான். பங்காரப்பேட்டையில் ஓர் ஆளிடம் இதைச் சேர்த்துவிட்டால், அடுத்த முறை வரும் குஞ்சு வின்னிக்கே சொந்தம். “பண்ணையில பொறந்ததுதான், பேப்பர் பின்னாடி வரும்,” என்றான். வின்னி நம்பினான். பாட்டிலைப் பார்த்த பிறகும், நம்புகிற மாதிரி தன்னிடமே நடித்துக்கொண்டான்.

சீட்டு இறங்க ஆரம்பித்தது. ஏனோக் ஒவ்வொரு சீட்டையும் பையை அறைந்துதான் போடுவார். அறை விழும்போதெல்லாம் உள்ளே நகம் பிறாண்டுவது வின்னியின் தொடையில் தெரிந்தது. அது அவனுக்குப் பயமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. உயிர் இருக்கிறது.

மாலூர் தாண்டியதும் பிறாண்டல் நின்றுவிட்டது.

ஓட்டைகள் எந்தப் பக்கம் அழுந்திக் கிடக்கின்றன? வின்னியின் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. கடைக்காரன் செய்தி அனுப்பியிருந்தான்: ‘நீலச் சட்டை. பேச வேணாம். பேக்க குடுத்துட்டு போய்கினே இரு.’

பையைத் திறந்தால் பெட்டி முழுக்கத் தெரியும். போலீஸ், கேஸ், லைனில் தலைகாட்ட முடியாது. திறக்காவிட்டால் அது செத்துப்போகும். டேக்கல் ஸ்டேஷன் வந்து போனது. இன்னும் பிறாண்டல் இல்லை. கையிலிருந்த ஜோக்கரைப் பார்க்காமலேயே தூக்கிப் போட்டான் வின்னி.

“எவனாவது ஜோக்கர கீழ போடுவானா? தூங்கறியா இன்னா?” ஏனோக் அடுத்த சீட்டை ஓங்கினார்.

“அடிக்காதீங்கண்ணா! உள்ள உயிரு கீது!”

சீட்டுகள் தரையில் சிதற, வின்னி ஜிப்பைப் பிய்த்துத் திறந்தான். வெள்ளை இறகுகள் ஈரமாக ஒட்டிக்கிடந்தன. ஆரஞ்சு நிறக் கொண்டை கழுத்தோடு மடிந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது.

ஜன்னலோரம் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த லூயிசா, பெங்களூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், காயைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கைப்பையிலிருந்து கத்தரிக்கோல் எடுத்து டேப்பை வெட்டினாள். குஞ்சைத் துப்பட்டாவில் ஏந்தி, காற்று வரும் பக்கம் பிடித்தாள்.

“இது இன்னா கிளிடா?”

“காக்கட்டூக்கா. பண்ணையில பொறந்தது...”

“பண்ணையில பொறந்தத எதுக்குப் பாட்டில்ல ஒளிக்கணும்?”

வின்னி உடைந்து, தெரிந்ததையெல்லாம் கொட்டினான். “சும்பான்னு ஒரு தீவுக்கா, இந்தோனேசியாவுல. காட்ல இந்த ஜாதி அங்க மட்டும்தான். கொஞ்சம்தான் மிச்சம் கீது. பெரிய மரத்துப் பொந்துல முட்டையிடும். ஜோடியா சேந்தா பிரியாது. குஞ்சு புடிக்க ஏறுவானுங்க, முடியலன்னா மரத்தயே சாச்சிடுவானுங்க. அப்புறம் முட்டையிடப் பொந்து இருக்காது.”

லூயிசா அவனை நிமிர்ந்து பார்த்தாள். “இவ்ளோ தெரிஞ்சுகினா இத தூக்கினு வந்த? தெரியாதவன் செஞ்சா தப்பு. நீ செஞ்சது துரோகம்.”

ஏனோக் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் வேற மேல மேல அறஞ்சிகினு இருந்தேனே, கர்த்தரே,” என்றார்.

குஞ்சின் அலகு திறந்தது. ஒருமுறை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை.

“பொழைக்குமாக்கா?”

“தெரியல. பறவை டாக்டர் ஒடனே பாக்கணும். அதுக்கு நீ போலீஸ்ல உண்மைய சொல்லணும்.”

பங்காரப்பேட்டையில் ரயில் நின்றது. நீலச் சட்டைக்காரன் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே வந்து, வின்னியின் பைக்காகக் கையை நீட்டினான். துப்பட்டாவுக்குள் வெள்ளையாக எதுவோ அசைவதைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டு கூட்டத்தில் நழுவினான். வின்னி துப்பட்டாவோடு குஞ்சை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

“ரயில்வே போலீஸ்கிட்டயா போற?” ஜெயகரன் தோளைப் பிடித்தான். “உன்னயும் சேத்து உள்ள வெப்பாங்கடா. பெஞ்சுக்கு அடியில கெடந்துச்சுன்னு சொல்லிட்டுப் போய்டலாம் மச்சா.”

“வெக்கட்டும். கடக்காரன் நம்பரும் என்கிட்ட கீது, குடுத்துடறேன்.” வின்னி தோளை விடுவித்துக்கொண்டான். “புடிச்சவன் ஒருத்தன், வித்தவன் ஒருத்தன்னு சொல்லி நான் தப்பிச்சிக்க முடியாது மச்சா. வீட்ல கூண்டுல வெச்சு அழகு பாக்கணும்னு ஆசப்பட்டவன் நான். அந்த ஆசதான் அங்க மரத்த வெட்டுது. வாங்கறவன் நிறுத்தாம, புடிக்கிறவன் நிறுத்த மாட்டான்.”

பிளாட்பாரத்தில் இறங்கி நாலடி வைத்ததும் குஞ்சு தலையைத் தூக்கி அவன் விரலைக் கவ்வியது. அலகு ஆழமாக இறங்கியது. ரத்தம் துப்பட்டாவில் பரவியது.

“கடி, நல்லா கடி,” என்றான் வின்னி, கையை இழுக்காமல். “உனக்கு இல்லாத உரிமையா.”