சலவைக்கடையைத் தாண்டாத லாரி

புதிய கொள்முதல் முறை நடைமுறைக்கு வந்த திங்கட்கிழமை, சக்கர நாற்காலிக் கம்பெனிக்குப் பாகங்கள் ஏற்றி வந்த முதல் லாரி தெருமுனைச் சலவைக்கடை வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. நின்றுவிடவும் இல்லை. சக்கரங்கள் சுழன்றன, வேகம் காட்டும் முள் இருபதில் இருந்தது, ஓட்டுநர் ஸ்டியரிங்கைப் பிடித்து நேராகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். சலவைக்கடைச் சுவர் மட்டும் அவருடைய ஜன்னலை விட்டு நகரவில்லை. கம்பெனி கேட்டில் நின்று பார்த்தால் அவர் மீசையை நீவுவதுகூடத் தெரிந்தது. மாலை வரை ஓட்டினார். டீசல் மட்டும் குறைந்தது.

முறையைக் கொண்டுவந்தவர் கொள்முதல் மேலாளர். கம்பெனியில் எல்லோருக்கும் அவர் சரக்கக்கா. முன்பெல்லாம் குழாய் ஒருவரிடம், டயர் ஒருவரிடம், பிரேக் வேறொருவரிடம் என்று ஊரெல்லாம் கெஞ்ச வேண்டியிருந்தது. குழாய் இருந்தால் டயர் இருக்காது, டயர் வந்த அன்று போல்ட் இருக்காது. யாருக்கும் வேண்டாத கைப்பிடிகள் மட்டும் கிடங்கின் கூரையை முட்டிக்கொண்டு கிடக்கும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்கி, வேண்டிய அன்று காலையில் இறக்கிக்கொள்வது என்பது சரக்கக்காவின் திட்டம். முதலாளியம்மாவிடம் வருடக்கணக்கில் தொண்டைத்தண்ணீர் வற்றப் பேசிச் சம்மதிக்க வைத்திருந்தார். திட்டத்தில் தப்பு இருந்ததாக இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை. கிடங்கையும் காலிசெய்து, பூப்பந்து ஆடுகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டாயிற்று.

சரக்கக்கா லாரி வரை நடந்து போனார். போவதில் தடையே இல்லை. ஒரு போல்ட் பெட்டியை இறக்கி, தூக்கிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார். கால் வலிக்கும் வரை நடந்தும் சலவைக்கடைச் சுவர் பக்கத்திலேயே இருந்தது. பெட்டியைக் கீழே வைத்ததும் நாலு எட்டில் கம்பெனி வந்துவிட்டது. ஃபிட்டர்கள் தள்ளுவண்டியில் முயன்றார்கள், கயிறு கட்டி இழுத்தார்கள். ஒருவர் கோபத்தில் ஒரு டயரை உருட்டிவிட்டார். அது இருந்த இடத்திலேயே உருண்டுகொண்டிருந்தது. சப்ளையருக்கு ஃபோன் போட்டால், “வந்துகிட்டிருக்குன்னுதான் மேடம் எங்களுக்குக் காட்டுது” என்றார்கள். அது பொய்யும் இல்லை. அடுத்தடுத்து வந்த லாரிகளும் முதல் லாரிக்குப் பின்னால் வரிசையாக ஓடத் தொடங்கின. வெள்ளைத் துணியெல்லாம் புழுதி என்று சலவைக்காரர் சண்டைக்கு வந்தார்.

முதலாளியம்மா தினமும் கூட்டம் போட்டார். “ஒத்தக் கால்ல நின்னு சம்மதம் வாங்கினியே, இப்ப என்ன சொல்ற?” என்று ஆரம்பித்து அதிலேயே முடிப்பார். வீட்டில் சரக்கக்காவின் கணவர், “பேசாம பழசுக்கே போயிடலாம்ல?” என்றார். “பழைய டயர்க்காரர் வண்டியும் அங்கதாங்க ஓடிக்கிட்டிருக்கு” என்றார் சரக்கக்கா. சரக்கை லாரியண்டையே இறக்கிப் பயன்படுத்தவும் வழியில்லை. கேட்டுக்குள் வந்து சரிபார்க்கப்படாத பாகத்தை யாரும் மாட்டக்கூடாது என்று விதி இருந்தது. அதை எழுதியவரும் சரக்கக்காதான். ஒரு மழைக்காலம் போய் வெயில் வந்தது. ஃபிட்டர்களில் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போனார்கள், மீதிப் பேர் பூப்பந்தில் தேறினார்கள். சரக்கக்கா கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவார். பிறகு முகம் கழுவிக்கொண்டு மறுபடி சப்ளையரைக் கூப்பிடுவார்.

அப்போதுதான் கணக்கு டீச்சர் வந்தார். விபத்தில் இரண்டு காலும் போனவர். நாற்காலிக்குச் சொல்லிவைத்துக் காத்திருந்தவர். தினமும் அவரை முதுகில் சுமந்து வகுப்பில் விட்டுக்கொண்டிருந்த தம்பிக்கு முதுகு போய்விட்டது. அவர் கூனிக்கொண்டே காய்கறித் தள்ளுவண்டியில் அக்காவை வைத்துக் கேட்டுக்குக் கொண்டுவந்தார்.

“என் நாற்காலி எங்க?”

“அதோ அந்த லாரில இருக்குங்க டீச்சர். துண்டு துண்டா” என்றார் சரக்கக்கா.

“கண்ணுக்குத் தெரியுதுல்ல? டேய் தம்பி, வண்டிய அங்க விடு.”

லாரியண்டை போனதும், “இங்கயே மாட்டிக் குடுங்க” என்றார். முதலாளியம்மா கேட்டிலிருந்து, “உள்ள வராத சாமான்ல கை வைக்கக் கூடாது!” என்று கத்தினார். சரக்கக்காவுக்கு அத்தனை மாத எரிச்சலும் ஒன்றாகப் பொங்கியது.

“வராதும்மா! எத்தனை தடவ சொல்றது? அது வராது. நாமதான் போகணும். ரூல்ஸ் நான் எழுதினது, நானே அடிச்சிடறேன். ஸ்பானர எடுத்துட்டு வாங்கப்பா!”

ஃபிட்டர்கள் ஓடி வந்தார்கள். தெருவிலேயே நாற்காலி தயாரானது. டீச்சர் ஏறி உட்கார்ந்து, கம்பெனிக்கு முதுகைக் காட்டித் திருப்பி, சக்கரத்தைத் தள்ளினார். நாற்காலி தடையில்லாமல் உருண்டது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, இடது பிரேக் கீச்சிடுகிறது என்று குறை சொன்னார். இறுக்கிக் கொடுத்ததும் நன்றிகூடச் சொல்லாமல் போனார். தம்பி காலித் தள்ளுவண்டியின் மேல் சாய்ந்துகொண்டு பின்னாலேயே போனார்.

அந்த மாதமே வேலை மேசைகள் தெருவுக்கு வந்தன, பிறகு தகரக் கொட்டகை, பிறகு மின்விசிறி. சரக்கு இறக்கிய லாரிகள் திரும்பி நல்லபடியாகப் போயின. முன்பைவிட இரண்டு மடங்கு நாற்காலிகள் வெளியேறின. முதலாளியம்மா காலிக் கட்டடத்தில் ஒரு வருடம் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு நாள் தன் மேசையைத் தானே இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஆண்டு விழாவில், திட்டம் கொஞ்சம் தள்ளி நடந்தது என்று மட்டும் பேசினார். சரக்கக்கா கைதட்டவில்லை. அந்த மாதங்களுக்காக அவர் யாரையும் மன்னிக்கவில்லை, தன்னையும்தான்.

முதல் லாரி ஓட்டுநர் மட்டும் திரும்ப மறுத்துவிட்டார். ஏற்றின சரக்கைக் கேட்டில் சேர்க்காமல் போன பேச்சு தன் பரம்பரையில் இல்லை என்று ஒரே ஒரு பெட்டியை இறக்கவிடாமல் வைத்துக்கொண்டு, காலையில் வந்து மாலை வரை ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போவார். சில வருடங்கள் கழித்துத் தெருவுக்குத் தார் போட வந்தவர்கள் லாரியை ஓரங்கட்டச் சொன்னார்கள். “இன்னும் கொஞ்ச தூரம்தாங்க” என்றார் அவர். அவர்கள் சற்று நேரம் பார்த்தார்கள். பிறகு லாரியைச் சுற்றித் தார் போட்டு, உருளையை ஓட்டிச் சமப்படுத்திவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார்கள்.