ஏரிக்கரை வீட்டில் இருவர்

செந்துறைப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் ஆக்கிரமிப்பு வீடுகளைக் கணக்கெடுக்க தாலுகா ஆபீசிலிருந்து கலையரசியை அனுப்பியிருந்தார்கள். கடைசி வீடு பாப்பாயியுடையது. மண்சுவர், தகரக் கூரை.

"வூட்டுல எத்தன பேரும்மா?"

"நானும் எங்க வூட்டுக்காரரும்."

படிவத்தில் அடுத்த கட்டத்துக்கு மேலே ஆங்கிலத்தில் ஆக்குபேஷன் என்று போட்டிருந்தது. "அவரு என்ன தொழில் பாக்குறாரு?" என்று கேட்டாள்.

"சுண்ணாம்புக்கல் சுரங்கத்துல. நாலு மணிக்கு ஷிப்டு முடிஞ்சு வந்துருவாரு."

அப்படியே எழுதிக்கொண்டு போனாள். ஆபீசில் சம்பூர்ணம் மேடம் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"இங்க ஆக்குபேஷன்னா வேலை இல்ல, கலை. எத்தன வருஷமா அந்த எடத்துல இருக்காங்கன்னு கேக்குது. மறுபடி போயிட்டு வா."

மறுநாள் பாப்பாயி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன வருஷமா இங்க இருக்கீங்க?"

"நான் இருவத்தாறு வருஷமா." முறத்தைக் கீழே வைத்தாள். "அவரு கல்லு சரிஞ்சு செத்து ஒம்பது வருஷமாச்சு. அதுலேருந்துதான் இருக்காரு. உசுரோட இருக்கறப்ப வூடு தங்குனதே கெடயாது. குழி விட்டா குடின்னு போச்சு. இப்பத்தான் ஷிப்டு முடிஞ்சா நேரா வூட்டுக்கு வராரு."

கலையரசி இருபத்தாறு என்று குறித்தாள். ஆள் கணக்கில் இருவர் என்றே விட்டாள்.

இடிக்கும் நாள் வந்தது. பாப்பாயிக்கு மாற்று வீடு கொடுத்திருந்தார்கள்; சாமான்கள் லாரியில் ஏறிவிட்டன. பாப்பாயி மட்டும் வாசலை விட்டு நகரவில்லை.

"வந்து பாத்தா வூடு இருக்காது. என்னய எங்கன்னு தேடுவாரு?"

"நான் இருந்து சொல்லிடுறேம்மா. நீங்க போங்க." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது கலையரசிக்கு உறைத்தது.

ஜேசிபிக்காரர் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனார். அவள் காலி வீட்டுக்குள் தனியாக நின்றாள். நாலு மணி. இலைகூட அசையவில்லை. ஈரச் சுண்ணாம்பு வாசம் வாசலைத் தாண்டி வந்து, அவளுக்கு எதிரே நின்றது. ஓடிவிடலாம் போலிருந்தது. கொடுத்த வாக்கை நினைத்து நின்றாள்.

"ஐயா, அம்மா புது வூட்டுக்குப் போயிட்டாங்க. ரோட்டோட தெக்கால போங்க. தண்ணி டேங்குக்குப் பக்கத்துல, நீலக் கதவு."

நெடுநேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு வாசம் மெல்லக் குறைந்து இல்லாமல் போனது. வெளியே வந்து, டீ குடித்துத் திரும்பியிருந்த ஜேசிபிக்காரருக்குக் கையைக் காட்டினாள். ஒரே தள்ளில் சுவர் சரிந்தது.

பொழுது சாயும்போது பாப்பாயி போன் பண்ணினாள்.

"வந்துட்டாரும்மா. இப்பத்தான் கைகால் கழுவிட்டு ஒக்காந்தாரு."

"சாப்பாடு போடுங்கம்மா" என்றாள் கலையரசி.