ஆறு பறவையும் ஒரு செம்பருத்தியும்

என்னிடம் ஆறு லவ் பேர்ட்ஸ் இருந்தன. பெயருக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. நாள் முழுக்கச் சண்டை. கூண்டு பால்கனியில், அக்காவின் தையல் மெஷினுக்கு நேர்மேலே தொங்கியது. ஒரு செவ்வாய்க்கிழமை, டாக்டருக்காக அவள் தைத்துக்கொண்டிருந்த வெள்ளைக் கோட்டில் ஐந்தாவது பட்டன் ஒன்று மேலிருந்து வந்து உட்கார்ந்தது. பச்சை நிறத்தில். ஈரமாக.

"பறவைக்கடைக்காரருக்குப் போன் போட்டுட்டேன். வந்து எடுத்துட்டுப் போகட்டும்" என்றாள் அக்கா.

கடைக்காரரிடம் கூண்டெல்லாம் குஞ்சாம். இரண்டு மாதம் கழித்துத்தான் வருவாராம். பறவைகளுக்கு ஜாமீன் கிடைத்தது.

மெஷினுக்கு அடுத்தபடி அக்காவுக்கு உயிர், தொட்டியில் இருந்த செம்பருத்தி. வாங்கி இரண்டு வருடம். ஒரு மொட்டுகூட விட்டதில்லை.

"அக்கா, பறவை எச்சம் நல்ல உரமாம். செடி பூத்துட்டா இதுங்க இங்கயே இருக்கட்டுமா?"

"முதல்ல பூக்கட்டும்டா. அப்புறம் பேசு."

அன்றே ஒரு வாரத்து எச்சத்தைச் சுரண்டி, கேக்கில் க்ரீம் தடவுகிற மாதிரி தொட்டி முழுக்கத் தடவினேன். நான்காம் நாள் இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது.

"உரம் போட்டியா, தீ வெச்சியா?" என்றார் அக்கா வீட்டுக்காரர், என் மாமா.

கருகிய இலையோடு நர்சரிக்காரரிடம் ஓடினேன்.

"பச்சையா அப்படியே போட்டியா?"

"ஆமாண்ணே. நிறைய போட்டேன்."

"அது செடிப்பா, உன் எதிரி இல்ல. எல்லாத்தையும் வழிச்செடுத்துட்டு நல்லா தண்ணி ஊத்து. இனிமே சேர்றதைக் காஞ்ச இலையோட கலந்து மக்க வை. மக்கினதும் ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். கிளறும்போது மூக்கைக் கட்டிக்க."

ஐந்து வாரம் முகத்தில் கைக்குட்டையோடு ஒரு பழைய வாளியைக் கிளறினேன். எதிர்வீட்டுக்காரர்கள் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார்கள். ஆறாவது வாரம் ஒரு கைப்பிடி போட்டேன்.

சில நாளில் தொட்டியில் பச்சைப் பசேலென்று பதினோரு முளை.

"டேய், செம்பருத்தி குட்டி போட்டிருக்குடா!" அக்கா ஒவ்வொன்றுக்கும் ஸ்பூனால் தண்ணீர் ஊற்றினாள். தைக்கக் கொடுக்க வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள். அது பறவைகள் சிந்தி எச்சத்தோடு கலந்த தினை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஆறு உயிர் என் வாயை நம்பியிருந்தது. மூடிக்கொண்டேன்.

கடைக்காரர் அட்டைப்பெட்டியோடு வந்து நின்ற அதே காலையில்தான் மாமா தொட்டியைக் குனிந்து பார்த்தார்.

"இது தினைடி. இதுக்கா ஸ்பூன்ல ஊட்டுன?"

அக்கா என்னைப் பார்த்தாள். கடைக்காரரைப் பார்த்தாள். "எடுத்துட்டுப் போங்க" என்றபடியே மண்டியிட்டு, தினையைக் கொத்தாகப் பிடுங்க ஆரம்பித்தாள். நான்காவது பிடுங்கலில் கை அப்படியே நின்றது. செம்பருத்தி இலைக்கடியில், சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு மொட்டு. பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் கீழே மூன்று.

கடைக்காரர் அதற்குள் கூண்டுக்குக் கை நீட்டியிருந்தார்.

"ஏங்க, அதுங்களை ஏன் தொடறீங்க?"

"நீங்கதானேம்மா எடுத்துட்டுப் போகச் சொன்னீங்க?"

"எப்போ சொன்னேன்?"

"இப்பத்தாம்மா!"

"அது மொட்டைப் பார்க்கறதுக்கு முன்னாடி."

பிடுங்கிய தினையைக் கூண்டுக்குள் திணித்து, "வயிறு நிறையச் சாப்பிடுங்கடா கண்ணுங்களா, மிச்சம் வைக்காதீங்க" என்றாள். பிறந்ததிலிருந்து அந்தக் குரலில் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.