தேங்காய் பன்னை நிறுத்தலாமா?

1

இது ஒரு நன்றிக் கடிதமாகத்தான் தொடங்கியது. வர்ஷினிக்கும் ஹம்மாதுக்கும் சேர்த்து ஒரே கடிதம். நன்றி என்று எழுதினேன். எதற்கு நன்றி என்று அடுத்து எழுத வேண்டும். பாதியை எழுதிவிட்டேன். மீதிப் பாதி நடந்ததா இல்லையா என்பதே எனக்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றுக்குக் கடிதத்தில் நன்றி சொல்ல முடியாது. கதையில் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

2

தொடக்கங்கள்.

"தேவானை மேடம் வெள்ளைப் பலகையில் ஒரு கோடு போட்டு, நின்றுபோகும் செலவை இடப்பக்கமும் நிற்காத செலவை வலப்பக்கமும் எழுதினார்." இதை விட்டுவிட்டேன். பேராசிரியரோடு தொடங்கினால் அவர் கடைசியில் ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று காத்திருப்பீர்கள். தேவானை மேடம் அப்படிப்பட்டவர் இல்லை. பாடம் நடத்துவார், வருகைப் பதிவு எடுப்பார், மெட்ரோவைப் பிடிக்க ஓடுவார்.

"தமிழ்நிலா இறந்த பிறகு நான்". இந்த வாக்கியம் இதற்கு மேல் போகவில்லை. அழிக்கவும் மனமில்லை. இருக்கட்டும்.

"தேங்காய் பன் நஷ்டத்தில் ஓடுகிறது என்றான் ஹம்மாத்." இது பரவாயில்லை. இங்கிருந்து போகலாம். ஆனால் அதற்கு முன் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

3

என் பெயர் அசோகன். ஆழ்வார்பேட்டையில் ஒரு சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் வேலை. சனி, ஞாயிறுகளில் நந்தனம் பக்கம் ஒரு கல்லூரியில் எம்பிஏ. தமிழ்நிலா என் மனைவி. தி.நகரில் குடை வாங்கிக்கொண்டிருந்தபோது கடையிலேயே விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. கடைக்காரர் அந்தக் குடையை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார். காசு வாங்கவில்லை. அவர் பெயர் தெரியாது. அவருக்கும் நன்றி.

காரியமெல்லாம் முடிந்து ஒரு சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமை என்றால் வகுப்பு. போனேன். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை.

அப்போது மேலாண்மைக் கணக்கியல் தொடங்கியிருந்தது. குழு வேலைக்கு மேடம் சீட்டுக் குலுக்கி மூன்று மூன்று பேராகப் பிரித்திருந்தார். எனக்கு வாய்த்தவர்கள் வர்ஷினியும் ஹம்மாதும். வர்ஷினிக்கு மயிலாப்பூர், ஒரு வங்கியின் கடன் பிரிவில் வேலை. கடன் கேட்டு வருகிற கம்பெனிகளின் கணக்கைப் பிரித்துப் போட்டு ஓட்டை தேடுவதுதான் அவள் தொழில். ஹம்மாதின் அப்பா ஷரஃபுதீன் ஆழ்வார்பேட்டையில் சின்னதாக ஒரு பேக்கரி வைத்திருக்கிறார். ஹம்மாத் வாரம் முழுக்க அங்கேதான்.

முதல் குழு வேலை வந்தபோது நான் கோப்பைத் திறக்கவே இல்லை. அதை அவர்களிடம் சொல்ல வாயெடுத்தேன்.

"மச்சி, பேர் போட்டாச்சு. நீ வந்து குந்து, போதும்" என்றான் ஹம்மாத்.

(எம்பிஏ படிக்காதவர்களுக்கு: குழு வேலையில் கை வைக்காதவன் பெயரையும் அட்டையில் போட்டு மதிப்பெண் வாங்கித் தருவது எங்கள் வகுப்பில் வழக்கம். அதற்கு ஓசிப் பேர் என்று பெயர். பொதுவாக அடுத்த முறை அவன் உழைத்துத் தீர்க்க வேண்டும்.)

இரண்டாவது வேலையிலும் என் பெயர் ஓசியிலேயே இருந்தது. என்னோடு வந்து உட்கார்ந்தார்கள். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. டீ வாங்கினால் மூன்றாக வாங்கினார்கள்.

நன்றிக் கடிதத்தில் நான் எழுதி முடித்த பாதி இதுதான்.

4

தேங்காய் பன் நஷ்டத்தில் ஓடுகிறது என்றான் ஹம்மாத்.

மூன்றாவது குழு வேலைக்கு ஒரு நிஜக் கடையை எடுத்து, அங்கே நிஜமாக எழுந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"தேங்கா பன்னு லாஸ்ல ஓடிக்கினு கீதுன்னு அப்பா டெய்லி கத்திக்கினு கீறாரு. நிறுத்தலாமா வாணாமான்னு நம்மளே சொல்லிடலாம். நமக்கு மார்க்கும் ஆச்சு, எனக்கு திட்டும் மிச்சம்."

"நாம சொன்னா உங்கப்பா கேட்பாரா?" என்றாள் வர்ஷினி.

"ஃபீஸு கட்டினது அவுருதானே. கேட்டுத்தான் ஆவணும்."

அறிக்கை மூன்று பகுதி. கடையின் செலவு விவரம் ஹம்மாத். அலசல் வர்ஷினி. பரிந்துரை நான். இம்முறையும் என் பகுதியை அவர்களே நிரப்பிவிடுவார்கள் என்றுதான் இருந்தேன். கோப்பு வந்தது. கடைசிப் பக்கத்தில் தலைப்பு மட்டும் இருந்தது.

பரிந்துரை
எழுதுபவர்: அசோகன்

அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

நீங்களே போட்டுவிடுங்கள் என்று வாட்ஸப்பில் எழுதினேன்.

"முடியாது. நீ எழுதலேன்னா காலியாத்தான் போகும். மூணு பேருக்கும் முட்டை" என்று வர்ஷினியிடமிருந்து பதில்.

"முட்டை வந்தா கவல இல்ல. எங்கப்பா கேக்கு போட்டுடுவாரு" என்று ஹம்மாத்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபமும் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். படிப்பை விட்டு விலகிக்கொள்கிறேன் என்று கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, அனுப்பாமல் வைத்தேன். நேரில் சொல்லிவிட்டு அனுப்புவதுதான் மரியாதை.

5

இதுவரை எழுதியதை இருவரிடமும் காட்டினேன். ஞாயிறு வகுப்பு முடிந்து கேன்டீனில்.

"நான் என்ன இவ்ளோ கறாராவா பேசினேன்?" என்றாள் வர்ஷினி.

"பேசின" என்றேன்.

"என்னிய காமெடியனாக்கிட்டியே நைனா. கதைல எனக்கு ஒரு ஃபைட்டாவது குடுக்கக் கூடாதா?" என்றான் ஹம்மாத்.

வர்ஷினி மறுபடி முதலிலிருந்து புரட்டினாள். "தமிழ்நிலா ஒரு வார்த்தைகூடப் பேசலையேடா."

உண்மைதான். இந்தக் கதையில் எனக்குச் சரியாக வராத பாத்திரம் அவள். பேசவைத்துப் பார்த்தேன். இறந்தவர்களைக் கதையில் பேசவைத்தால் எது சொன்னாலும் கடைசி வார்த்தைபோல் ஒலிக்கிறது. அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. "ஃபேனை நிறுத்திட்டு வா" என்பாள். "ஒரு ரூமுக்கு எத்தனை ஃபேன் ஓடணும் உனக்கு" என்பாள். இதை எழுதிப் பார்த்தேன். இதுவும் கடைசி வார்த்தைபோல்தான் ஒலிக்கிறது. விட்டுவிடுகிறேன்.

(இன்னொன்று. தமிழ்நிலாவுக்குத் தேங்காய் பன் பிடிக்காது. மிகவும் பிடிக்கும் என்றிருந்தால் கதைக்கு வசதி. பிடிக்காது.)

6

மறுபடி கதைக்கு. விலகப்போவதைச் சொல்ல பேக்கரிக்குப் போனேன். மெட்ரோ வேலைக்கு அடைத்த தகரத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஹம்மாத் இல்லை. மந்தைவெளியில் ஒரு பிறந்தநாள் கேக்கைக் கொடுக்கப் போயிருந்தான்.

"வந்துருவான். உள்ள குந்து தம்பி" என்றார் ஷரஃபுதீன் கல்லாவிலிருந்து.

உள்ளே மைதா மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்தேன். எதிரே அமீனா பீ, துருவிய தேங்காயும் சர்க்கரையும் டூட்டி ஃப்ரூட்டியும் கலந்து மாவுக்குள் வைத்து மடித்துக்கொண்டிருந்தார். ஷரஃபுதீனின் அக்கா, ஹம்மாதுக்கு அத்தை. அவர்கள் வீட்டில் ஃபுப்பு என்பார்கள். தேங்காய் பன் முழுக்க அவர் கைவேலை.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என் பன்ன நிறுத்தப் போறது நீதானா பேட்டா?"

"இன்னும் எழுதலைங்க."

"எழுது, எழுது. கையி விட்டுப்போச்சு. நிம்மதியா சீரியல் பாப்பேன்."

என்ன பேசுவது என்று தெரியாமல்தான் கேட்டேன். "நிறுத்திட்டா நீங்க எங்க போவீங்க?"

"எங்க போவேன்? தோ, இந்த மூலைலயே குந்திக்கினு இவன திட்டிக்கினு இருப்பேன்."

"சம்பளம் வாங்கிக்கினே திட்டும்" என்று கல்லாவிலிருந்து குரல் வந்தது.

"வாங்குவேன்டா. நீ நிறுத்திருவியா?"

"நிறுத்திட்டு வூட்ல சோறு துன்ன முடியுமா? இது எங்கக்கா, தம்பி. பன்னு போனாலும் இது போவாது."

அமீனா பீ சிரித்துக்கொண்டே ஒரு உருண்டையைத் தட்டில் வைத்தார். நான் போனில் அறிக்கையைத் திறந்தேன். அதுவரை கடைசிப் பக்கத்தைத் தவிர எதையும் பார்த்ததில்லை.

வர்ஷினியின் அலசல் சுத்தமாக இருந்தது. பன்னை நிறுத்தினால் எந்தச் செலவு நிற்கும், எது நிற்காது என்று பிரித்திருந்தாள். ஓவன் எப்படியும் ரொட்டிக்கு எரியும், அதை ஒதுக்கிவைத்திருந்தாள். கடை வாடகையையும் ஒதுக்கிவைத்திருந்தாள். தேங்காய், சர்க்கரை, மைதா நிற்கும், சேர்த்திருந்தாள். கூடவே ஒன்று: அமீனா பீயின் சம்பளம். நின்றுபோகும் செலவில் அது இருந்தது. அது அங்கே இருந்ததால்தான் பன் நஷ்டம். அதை எடுத்துவிட்டால் பன் கடைக்குக் கொஞ்சம் சம்பாதித்துக் கொடுக்கிறது. நிறுத்தினால் அந்தக் கொஞ்சமும் போய்விடும்.

இதைப் பார்க்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. நான் புத்திசாலி என்பதால் இல்லை. ஒன்று நின்றுபோனால் கூடவே எதெல்லாம் நிற்கும், எதெல்லாம் நிற்காது என்பதை அப்போது என்னைவிட அறிந்தவன் அந்த வகுப்பில் கிடையாது. எங்கள் கோட்டூர்புரம் வீட்டில் நின்றது ஒரு பால் பாக்கெட். வாடகை அப்படியே. இரண்டு பேருக்காக வாங்கிய ஃப்ரிட்ஜ் அப்படியே ஓடுகிறது. இரண்டு ஃபேன். வெள்ளிக்கிழமைகளில் பூக்காரம்மா மாடி ஏறி வந்துகொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டிருந்தேன்.

மூட்டைமேல் உட்கார்ந்தபடியே எழுதினேன்.

"தேங்காய் பன்னை நிறுத்த வேண்டாம். பன்னை நிறுத்தினால் நிற்பது தேங்காயும் சர்க்கரையும் மைதாவும்தான். அமீனா பீ போகமாட்டார். போகாத செலவைப் போய்விடும் என்று எழுதியிருப்பதால் பன் நஷ்டம்போல் தெரிகிறது. பன் இருக்கட்டும்."

அனுப்பினேன். அந்த விலகல் மின்னஞ்சலை விட்டால், தமிழ்நிலா போன பிறகு நானாக எழுதிய முதல் நான்கைந்து வாக்கியங்கள். தட்டு ஓவனுக்குள் போய் வெளியே வந்தது. அமீனா பீ சூடாக ஒன்றை எடுத்துக் கையில் வைத்தார். நாக்கு சுட்டது. அது நன்றாகவே தெரிந்தது.

விலகல் மின்னஞ்சலை அனுப்பவில்லை.

7

இங்கேயே முடித்திருக்கலாம். முடித்திருந்தால் கடிதத்தின் மீதிப் பாதி இது: எனக்கென்று ஒரு பக்கத்தைக் காலியாக விட்டதற்கு நன்றி. மூன்று முட்டைக்குத் துணிந்ததற்கு நன்றி.

ஆனால் சில வாரம் கழித்து, பேருந்தில் நின்றுகொண்டிருக்கும்போது இன்னொன்று உறைத்தது.

ஓவனையும் வாடகையையும் சரியாக ஒதுக்கத் தெரிந்த வர்ஷினி ஒரு சம்பளத்தில் எப்படித் தவறினாள்? இதே மாதிரிக் கணக்கை இடைத்தேர்வுக்கு முன்பு பலகையில் போட்டுக் காட்டியவள் அவள்தான். சரி, அமீனா பீயை அவளுக்குத் தெரியாது. ஹம்மாதுக்குத் தெரியுமே. ஒரே வீட்டில் தினமும் ஒன்றாகச் சாப்பிடுகிறவன். ஃபுப்பு எங்கும் போகமாட்டார் என்று தெரியாமலா அந்தச் சம்பளத்தைப் பன் கணக்கில் எழுதிக் கொடுத்தான்?

ஒருமுறை கேட்டேன்.

நான் கேட்டு முடிப்பதற்குள் வர்ஷினி சொன்னாள்: "அன்னிக்கு எங்காத்துல ஸ்ரார்த்தம்டா. அவசரத்துல பாத்தேனா, விட்டுப்போச்சு."

"நான் டேட்டா குடுத்தேன் மச்சி, அவ்ளோதான். மிச்சத்த அவளாண்ட கேளு" என்றான் ஹம்மாத்.

"என்னாண்ட என்ன கேக்கறது? நீ குடுத்ததைத்தானே போட்டேன்?"

"இன்னா, நான்தான் மாட்டினனா?"

இருவரும் சண்டை போட்டுக்கொண்டார்கள். கொஞ்சம் அதிகமாகவே. நான் டீயைக் குடித்தேன்.

8

ஆக, இரண்டு முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

அ. அது வெறும் பிழை. இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். வாரம் முழுக்க உழைத்துவிட்டு, வீட்டுத் திதிக்கும் பிறந்தநாள் கேக்குக்கும் நடுவில் உட்கார்ந்து செய்தது. கண் தவறியது. என் கண்ணில் பட்டது. யாரும் எதையும் திட்டமிடவில்லை.

ஆ. மயிலாப்பூரில் ஒரு டிபன் கடை. (நான் அங்கே இல்லை. இதை நானாக எழுதுகிறேன்.) வர்ஷினி கோப்பைத் திருப்பிக் காட்டுகிறாள்.

"இந்தச் சம்பளத்தை இங்க வைக்கறேன். பாத்தா அவனுக்குத் தெரியும்."

"பாக்காங்காட்டி?"

"முட்டைதான்."

"அது சரி. எங்க ஃபுப்பு பன்னு இன்னா ஆவறது?"

"அவன் எழுதலேன்னா நிறுத்த வேண்டாம்னு உங்கப்பாகிட்ட நீயே போய்ச் சொல்லு."

"சொல்லிக்கிறேன். ஆனா பாப்பான். குடு, அனுப்பு."

'அ'வை எழுதும்போது உண்மைபோல் இருக்கிறது. 'ஆ'வை எழுதும்போது கை நிற்கவே இல்லை. எனக்குப் பிடித்திருப்பதால்தான் அதை நம்பப் பயப்படுகிறேன். இதையும் அவர்களிடம் காட்டினேன். "டிபன் கடைல நான் என்ன சாப்பிட்டேன்னு போடலையே" என்றாள் வர்ஷினி. ஹம்மாத் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். பொட்டலத்தைப் பிரித்து, தேங்காய் பன்னை மூன்றாகப் பிய்த்து, பெரிய துண்டை என் பக்கம் தள்ளினான். சனிக்கிழமைகளில் கொண்டுவருவான். பன் இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இனி நான் கேட்கப்போவதில்லை.

9

எது நடந்தது என்பதை நீங்கள் எழுதுங்கள். நான் சோம்பலில் விடவில்லை. ஒரு பக்கத்தைக் காலியாக விட்டால் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தம் என நினைத்துக்கொண்டிருந்தவன் நான். ஒருவர் எழுதிவிடுவார் என்று நம்பினாலும் அப்படித்தான் விட வேண்டியிருக்கிறது.

நீங்கள் எப்படி எழுதினாலும் அந்தக் கடிதத்தை அனுப்புவேன். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. அதை மட்டும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

முடிவு
எழுதுபவர்: