பேசிக்கொண்டே நடக்கும் தூரம்

நான்காவது கீமோவுக்குப் பிறகு பேர்பெச்சுவாவைப் பிடித்த களைப்பு, படுத்தெழும்பினால் தீரும் களைப்பாக இல்லை. கணவர் ஜேசுரட்ணத்துக்கோ படுக்கை ஒன்றுதான் மருந்து. ஒரு கோப்பையைக்கூட அவளைக் கழுவ விடவில்லை. மூன்று கிழமைக்குள், கழிவறைக்குப் போகவே அவள் சுவரைப் பிடிக்கவேண்டியதாயிற்று.

மருத்துவமனையில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் அன்னா பொறுமையாக விளக்கினாள். வேலைக் களைப்பு உறக்கத்தில் போய்விடும். இது அப்படிப் போகாது. படுத்தே கிடந்தால் தசை கரையும். தசை கரைந்தால் கட்டிலைவிட்டு எழும்புவதே மலையேறுவது போலாகிவிடும். அந்தக் களைப்பில் மறுபடியும் படுக்கை. இந்தச் சுற்றை அறுக்கப் பத்து நிமிட நடையோடு தொடங்கலாம். காய்ச்சல் இல்லாத நாளில், பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில். பேச்சு முறிந்தால் வேகம் கூடிவிட்டதென்று அர்த்தம்.

"வழியில விழுந்தா?" என்றார் ஜேசுரட்ணம், வீடு திரும்பியதும்.

"கட்டிலிலயே கிடந்து முடியச் சொல்லுறியளோ?"

அவர் அவளுடைய சப்பாத்தை எடுத்துவந்து காலில் மாட்டிவிட்டார்.

ஜெர்மனியின் எசன் நகரில், வீட்டு முன்தெருவில் இறங்கியதும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. நோய் தெரிந்த நாளிலிருந்து மருந்தையும் மருத்துவரைப் பார்க்கும் தெர்மின் நாட்களையும் தவிர இருவரும் எதுவும் பேசியதில்லை.

"செபமாலை சொல்லுவமே?" என்றார்.

அது பொருந்தியது. மாலையின் ஒவ்வொரு மணிக்கும் செபத்தின் முதற்பாதி அவர், மறுபாதி அவள். அவர் சொல்லும் நேரத்தில் அவள் மூச்செடுக்கலாம். ஆறாவது மணியில் மறுபாதி வரவில்லை. அவர் பதறித் திரும்பினார்.

"என்னப்பா, ஏலாமக் கிடக்கோ? டாக்சி கூப்பிடட்டோ?"

"உங்கட வேகம்தான் கூடிப்போச்சு. உந்த ஓட்டத்தில சொன்னா மாதாவுக்கே மூச்சு வாங்கும்."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது. "எனக்குப் பயமாக் கிடக்கு. நடந்து நடந்து நீ இல்லாமப் போயிடுவியோ எண்டுதான் படுக்க வைச்சனான்."

"எனக்கும் பயம்தான்." அவள் அவருடைய கையைப் பிடித்தாள். "அதைச் சொல்லிக்கொண்டே மெல்ல நடவுங்கோ."

அவர் சொன்னார். அவளும் சொன்னாள். வீட்டு வாசலுக்குத் திரும்பி வரும்வரை பேச்சு முறியவில்லை. ஜேசுரட்ணம் கைக்கடிகாரத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

"ரெண்டு நிமிசம் கூடிப்போச்சு. நாளைக்குத் தெருமுனை வரைக்கும் போகாம, வழியில நிக்கிற மேப்பிள் மரத்தோட திரும்புவம்."