தீர்ந்துவிட்டது என்ற பலகை

“அப்ப நாளையிலிருந்து டோனட்டை ரெண்டு மடங்காப் போடுவோம்,” என்றாள் பிரைடி. “பத்தரைக்கெல்லாம் தீந்துபோகுதுன்னா ஜனங்க இன்னும் பசியோடதானே திரும்பிப் போறாங்க?”

டமீர் காப்பி இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே துடைத்த இடம்தான்.

“ஏன்டா, சந்தோஷமா இல்லையா நீ?”

“இருக்கேனே.”

“இதுவா சந்தோஷ மூஞ்சி? இடுப்பு எலும்பை மாத்தின அன்னிக்கு எங்கப்பா இதைவிட நல்லாச் சிரிச்சாரு.”

அந்த அப்பாவைப் பார்த்துக்கொள்ளத்தான் அவள் ஹோபார்ட் போனாள். இலையுதிர்காலம் முழுக்க அங்கேயே இருந்துவிட்டு நேற்றுத்தான் மெல்பர்ன் திரும்பியிருந்தாள். அப்பா தன் மீன்பிடிப் படகை விற்று, அந்தப் பணத்தை மகளிடம் கொடுத்திருந்தார். பக்கத்து ஊரான ஜீலாங்கில் இரண்டாவது கடை திறக்க. இன்று மதியம் அங்கே போய் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். டமீரும் கூட வர வேண்டும், ஒரு நல்ல சட்டை போட்டுக்கொண்டு.

வாசல் கண்ணாடியில் பலகை தொங்கியது. ‘இன்றைக்குத் தீர்ந்துவிட்டது.’

அந்தப் பலகை பிரைடியின் யோசனை. அவர்கள் கடை திறந்த சமயத்தில் நகரத்துக்கே டோனட் பைத்தியம் பிடித்திருந்தது. ஊசிக்குழலில் கஸ்டர்டு அடைத்து டோனட்டில் செருகிக் கொடுத்தான் ஒருவன். மில்க் ஷேக் கோப்பையின் தலையில் தொப்பி மாதிரி கவிழ்த்துக் கொடுத்தான் இன்னொருவன். இந்த ஊர்க்காரர்களுக்கு வரிசையைப் பார்த்தால் போதும், முதலில் போய்க் கடைசியில் நின்றுகொள்வார்கள். எதற்கு வரிசை என்று முன்னால் நிற்பவரிடம் அதற்குப் பிறகுதான் கேட்பார்கள். அதனால் கொஞ்சமாகப் போடு, சீக்கிரம் பலகையை மாட்டு என்றாள் பிரைடி. ஏமாந்து போனவர்கள் மறுநாள் விடியுமுன்பே வந்து நின்றார்கள். டோனட் கிடைக்காதவர்கள் பலகையோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு மற்றக் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. ஊசிக்குழல் கடை இருந்த இடத்தில் இப்போது நாய்களுக்கு முடி வெட்டுகிறார்கள். தன் கடை வாசலில் வரிசை எப்போது மெலிந்தது என்று டமீருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் ஒரு தட்டு டோனட் மிஞ்சியது. அதைத் தெருவே பார்க்கும்படி கண்ணாடிப் பெட்டியில் விட்டுவைக்க வெட்கமாக இருந்தது. பின்கட்டுக்கு எடுத்துப் போய் வைத்துவிட்டு, வழக்கமான நேரத்துக்குப் பலகையை மாட்டி, வழக்கம்போல் படம் எடுத்து ஹோபார்ட்டுக்கு அனுப்பினான். பொய் சொல்கிறோம் என்று அப்போது தோன்றவில்லை. பிரைடியிடமிருந்து பதிலாக ஒரு சிவப்பு இதயப் படம் வந்தது. மறுநாளும் மிஞ்சியது, மறுநாளும் இதயம் வந்தது.

மிஞ்சியதையெல்லாம் கோபர்க்கில் சிறுவர்களின் கால்பந்துக் குழுவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். போன சனிக்கிழமை அவர்களின் பயிற்சியாளர் அவனைத் தனியே அழைத்துப் போய், தப்பாக நினைக்காதீர்கள், பிள்ளைகள் முன்பு கொடுத்துவந்த ஆரஞ்சுத் துண்டே போதும் என்கிறார்கள் என்றாள்.

ருசி கெட்டிருந்தால் அவனுக்குப் புரிந்திருக்கும். அதே மாவு, அதே எண்ணெய், அதே எலுமிச்சைப் பாகு. தினமும் காலையில் ஒன்றைக் கடித்துப் பார்ப்பான். நன்றாக இருக்கும். அதுதான் அவனைக் குழப்பியது.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். பிரைடி போய்க் கதவைத் திறந்தாள். நர்ஸ் உடுப்பில் ஒரு பெண். இரவு வேலை முடித்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

“தீந்துடுச்சுன்னு போட்டிருக்கு, தெரியும். நான் வர நேரமெல்லாம் இதான் தொங்குது. சும்மா கேட்டுப் பாக்கலாம்னுதான் தட்டினேன். இல்லன்னா எதிர்க்கடைதான், எப்பவும்போல.”

“மன்னிச்சுக்குங்க,” என்றாள் பிரைடி. வருத்தமாகச் சொல்ல முயன்றாள். ஆனால் குரலில் பெருமைதான் இருந்தது. “இனிமே அதிகமாப் போடப் போறோம்.” திரும்பி டமீரைப் பார்த்துக் கண்ணடித்தாள், பாத்தியா என்பது போல.

சுவருக்கு அந்தப் பக்கம் தட்டுத் தட்டாக டோனட். இந்தப் பக்கம், இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள், கடையின் சொந்தக்காரியே. டமீருக்கு ஒரு கணம் எந்தப் பக்கம் நிஜம் என்று தெரியவில்லை. பின்கட்டுக்குப் போனான். எலுமிச்சை டோனட் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து அந்தப் பெண்ணிடம் நீட்டினான்.

அவள் படியிலேயே நின்று கடித்தாள். “நல்லாத்தானே இருக்கு,” என்றாள். “தெரிஞ்சவங்களுக்கு மட்டும் ஒளிச்சு வெச்சுக் குடுப்பீங்களோ?” சிரித்துக்கொண்டே டிராம் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

பிரைடி சிரிக்கவில்லை. நேராகப் பின்கட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் விரல் நுனியில் சர்க்கரை ஒட்டியிருந்தது.

“எத்தனை நாளா?”

“தெரியல.”

“தெரியலன்னா என்னடா அர்த்தம்?”

“ஆள் வரலைன்னு பலகையை மாட்டினேனா, பலகையைப் பாத்து ஆள் வரலையா, எனக்கே இப்ப தெரியல பிரைடி. சத்தியமாத் தெரியல.”

அவள் பலகையைப் பார்த்தாள். பிறகு கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனாள். ஜீலாங் ரயிலுக்குத்தான் கிளம்பிவிட்டாள் என்று டமீர் நினைத்தான். அவள் தெருவைக் கடந்து எதிர்க்கடை வாசலில் நின்ற வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

டமீர் கடையைப் பூட்டாமலே ஓடினான். டிராம் ஒன்று மணியடித்துக்கொண்டு அவனுக்காக நின்றது. அவளுக்குப் பின்னால் போய் நின்றான். அவள் முன்னால் நின்றவரிடம் இது எதற்கான வரிசை என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிஸ்தா வைத்த குரோசான் ரொட்டி என்றார் அவர். தானும் முதல் தடவைதான் வருகிறாராம், நன்றாக இருக்குமா என்று தெரியாதாம். ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று கேள்விப்பட்டாராம்.

இங்கிருந்து பார்க்கும்போது அவர்களுடைய கடை சின்னதாக, சுத்தமாக இருந்தது. பலகையின் எழுத்து இவ்வளவு தூரத்துக்கும் தெளிவாகத் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அவன் அதை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை. தானே வாடிக்கையாளனாக இருந்தால் தெருவைக் கடந்திருக்கமாட்டோம் என்று தோன்றியது. அது நிம்மதியா வேதனையா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பிரைடியின் கைப்பைக்குள் தொலைபேசி அடித்தது. ஜீலாங்காகத்தான் இருக்கும். அவள் அதை எடுக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. வரிசை ஓர் அடி நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள், அவனும் நகர்ந்தான்.

“பிரைடி,” என்றான் அவள் முதுகைப் பார்த்து. “கையெழுத்து இன்னிக்கு வேண்டாம். அப்பாவோட படகுப் பணம் அப்படியே இருக்கட்டும். ஒரே ஒரு வாரம் அந்தப் பலகை இல்லாம, இருக்கறதையெல்லாம் முன்னாடி அடுக்கி வெச்சு, சாயங்காலம்வரைக்கும் திறந்து பாப்போம். மிஞ்சினா மிஞ்சட்டும், எல்லாரும் பாக்கட்டும். அந்த ஒரு வாரம் மட்டும் என்கூட கடையில நில்லேன்.”