ஒன்பதாம் பிரதியின் ஓரம்

"சுத்தமா வெட்டி, கண்ணாடி போட்டு வச்சிருக்கேம்மா. பாருங்க, எவ்ளோ பளிச்சுன்னு இருக்கு."

மைக்கேல்ராஜ் படத்தைத் தூக்கிக் காட்டினார். லிங்கராஜபுரத்தில் பஸ் போகும்போதெல்லாம் அதிரும் சின்ன ஃப்ரேம் கடை அவருடையது. சுவர் நிறைய மாதா, முருகர், சர்ச்சில் முதல் முறை புதுநன்மை வாங்கிய பிள்ளைகள் என்று படங்கள்.

பாகீரதி படத்தைப் பார்த்தாள். ஹெப்பாள் ஏரி இருந்தது, ஏரிக்கரை மரம் இருந்தது. சுற்றிலும் நாலு விரல் அகலத்துக்கு இருந்த வெள்ளைக் காகிதத்தைக் காணோம்.

"ஓரம் எங்கே?"

"எந்த ஓரம்மா?"

"கீழே வெள்ளையா இருந்ததே. பென்சில்ல எழுதியிருந்ததே."

"அதுவா. வெட்டிட்டேன்."

"வெட்டிட்டேளா?"

"காலண்டர் சாமி படம் கொண்டாறாங்கல்ல, அதுல கீழ ஜவுளிக்கடைப் பேரு, போன் நம்பரு எல்லாம் இருக்கும். அதை வெட்டிட்டுத்தானே ஃப்ரேம் போடுவோம்? கடைப் பேரை யாரு வூட்ல மாட்டுவாங்க? இருபத்திரெண்டு வருசமா இப்படித்தான் செய்றேன். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

பாகீரதி அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அது கடைப் பேர் இல்லப்பா. வரைஞ்சவ பேர்."

"அச்சடிச்ச படம்தானேம்மா இது?"

"அச்சுதான். அவளே செப்புத் தகட்டுல கீறி, அவ கையாலேயே இருபத்தஞ்சு எடுப்பா. அதுக்கு மேல ஒண்ணுகூட எடுக்கமாட்டா. எடுத்து முடிச்சதும் தகட்டுக்குக் குறுக்கே கோடு கிழிச்சுடுவா. இது அதுல ஒன்பதாவது. அதைத்தான் அந்த ஓரத்துல எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தா."

"அப்ப வேற ஒண்ணு வாங்க முடியாதா?"

"முடியாது."

மைக்கேல்ராஜ் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார்.

வரைந்தவள் பெயர் இளவேனில். பெங்களூர் ஏரிகளைப் பன்னிரண்டு படங்களாகப் போட்டவள். பாகீரதியின் கணவர் பத்ரிநாத், செயலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பன்னிரண்டிலும் ஒன்பதாம் பிரதியாகவே வேண்டும் என்று நாலு வருஷம் காத்திருந்து வாங்கினார். பதினொன்று காக்ஸ் டவுன் வீட்டுக் கூடத்தில் வரிசையாகத் தொங்குகின்றன. எப்போதும் ஃப்ரேம் போடுகிறவர் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்ததால், கடைசிப் படத்தைத் தட்டையாக ட்ராயரில் வைத்துவிட்டு பத்ரிநாத் சென்னைக்குப் போனார். அங்கே யாரோ ஒருவர் வீட்டில் பழைய பிரெஞ்சு இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியம் ஒன்று விலைக்கு வருகிறதாம். அவர் திரும்பி வரும்போது பன்னிரண்டாவது ஆணியும் நிறைந்திருக்கட்டும் என்று பாகீரதி ஆசைப்பட்டாள். ஆட்டோ பிடித்துத் தானே கொண்டுவந்தாள்.

"சார் ரொம்பக் கோவக்காரரா?"

"கோவப்பட்டாத் தேவலையே."

"பின்ன?"

"பேசமாட்டார்."

ஐந்து வருஷமாக அவர் தன் சொந்தத் தங்கை சுப்புலக்ஷ்மியோடு பேசுவதில்லை. கூடத்தில் ஒரு பிரெஞ்சு ஓவியம் இருக்கிறது. தள்ளி நின்று பார்த்தால் வெயில் பட்ட ஆறு, கிட்டே போனால் வெறும் வண்ணத் திட்டு. தொண்ணூற்று மூன்று நவராத்திரியில் சுப்பு அதன்மேல் காபியைத் தெறிக்கவிட்டாள். ஈரத்துணியால் துடைத்ததில் ஆற்றின் ஒரு திட்டும் துணியோடு வந்துவிட்டது. பத்ரிநாத் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அவள் பிள்ளையின் பூணூலுக்கு அவர் போகவில்லை. சுப்பு போன் செய்தால் ரிசீவரைப் பாகீரதியிடம் நீட்டிவிடுவார்.

"சொல்ப இருங்கம்மா, ஒரு நிமிசம்." மைக்கேல்ராஜ் மேஜைக்கு அடியில் குனிந்தார். குப்பைப் பெட்டியைக் கவிழ்த்தார். பட்டாசுக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடை என்று எத்தனையோ பெயர்களின் துண்டுகள். அவற்றுக்கு நடுவே கெட்டியான வெள்ளைக் காகிதம் ஒன்று, ஓரம் மடங்கி, நசுங்காமல் கிடந்தது. ஒன்பது, குறுக்குக் கோடு, இருபத்தைந்து. பக்கத்தில் இளவேனிலின் சாய்ந்த கையெழுத்து.

"இந்தா இருக்கு. மைதாப் பசை போட்டு ஒட்டித் தர்றேன். ஒட்டின இடத்தை மேல வைக்கிற அட்டை மறைச்சிடும். சாரு கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் தெரியாது."

"தெரியாதா?"

"பிரிச்சாத்தான் தெரியும். யாரு பிரிக்கப் போறாங்க?"

அவள் வாய்வரைக்கும் 'சரி' வந்துவிட்டது.

"கண்ணாடியைக் கழட்டிக் கொடுங்கோ. ஒட்ட வேண்டாம். இல்ல, பசையைத் தனியாக் கொடுங்கோ. ஆத்துல ஒட்டிக்கறேன்."

சாயங்காலம் ஆறு மணிக்கு சென்னையிலிருந்து போன் வந்தது. மேஜைமேல் படமும் துண்டும் பசை டப்பாவும் இருந்தன.

"நாளைக்கு பிருந்தாவன் எக்ஸ்பிரஸ்ல வரேன். படம் ட்ராயர்ல பத்திரமா இருக்கா?"

"ஆத்துலதான் இருக்கு."

"ட்ராயர்ல இருக்கான்னு கேட்டேன்."

"ஏன்னா, ஒண்ணு கேக்கட்டுமா? சுப்பு அன்னிக்கே உங்ககிட்ட வந்து சொல்லியிருந்தா, பேசியிருப்பேளா?"

"இப்ப எதுக்கு சுப்பு?"

"சும்மாதான்."



"அவ பாட்டுக்குத் துடைச்சா, படத்தைத் திரும்ப மாட்டினா, எனக்கும் காபி கொண்டுவந்து கொடுத்தா. நாலு நாள் அதே படத்துக்குக் கீழே உக்காந்துண்டு சிரிச்சுப் பேசினா. நானாக் கண்டுபிடிச்சேன்."

"சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியாது, பாகீ. வெச்சுடறேன்."

அவள் பசை டப்பாவைத் திறந்தாள், மூடினாள். அப்புறம் அதை எடுத்துக்கொண்டுபோய்க் கொல்லைப்புறக் குழாயடியில் கழுவிவிட்டு வந்தாள். கழுவிய பிறகுதான் பயம் முழுசாகப் பிடித்துக்கொண்டது. இனி மறைக்க வழியில்லை.

மறுநாள் மத்தியானம் ஆட்டோ வந்து நின்றது. பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தவரின் கண் நேரே மேஜைக்குப் போனது.

"நான்தான் ஃப்ரேம் போடக் கொண்டுபோனேன். லிங்கராஜபுரத்துல ஒருத்தர். காலண்டர் படம் மாதிரி ஓரத்தை வெட்டிட்டார். அவர் மேல தப்பில்ல, வெட்டக்கூடாதுன்னு நான் சொல்லலை. துண்டு கிடைச்சுது. ஒட்டி மறைச்சுடலாம்னு நினைச்சேன். ஒட்டலை."

மனசுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தது. மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

பத்ரிநாத் துண்டை ஒரு தடவை பார்த்தார். உள்ளே போனார். கை கால் அலம்பினார். சட்டையை மாற்றிக்கொண்டு வந்து இலைமுன் உட்கார்ந்தார்.

"ரசம் விடட்டுமா?"

தலையை ஆட்டினார்.

"மோர்?"

கையைக் காட்டினார்.

இப்படித்தான் சுப்புவுக்கும் தொடங்கியது. அன்றைக்கும் அவர் நன்றாகச் சாப்பிட்டார். பாகீரதி அடுப்படியில் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். இந்த வீட்டில் இரண்டே பேர். ஒருவர் பேசுவதை நிறுத்திவிட்டால் மற்றவர் யாரோடு பேசுவது? பால்காரரோடா?

சுவர்க்கடிகாரம் மூன்று அடித்தது. கூடத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அப்புறம் ஜன்னல் கதவு.

"பாகீ."

கையைத் துடைக்காமலே கூடத்து நிலைப்படிவரை வந்தவள், நின்று, முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

படத்தை வெளிச்சத்தில் வைத்துத் துண்டை அதன் கீழே பொருத்திக்கொண்டிருந்தார்.

"அந்த முனையைப் பிடி. அழுத்தாதே."

"இப்படியா?"

"இன்னும் கொஞ்சம் கிட்ட. கோணலா வெட்டியிருக்கான்."

"ஆமாம்."

"வெள்ளிக்கிழமை இளவேனில் வரா, பன்னிரண்டையும் சேர்த்து வெச்சுப் பாக்கணும்னு. இதை எப்படியும் கையில எடுத்துப் பாப்பா. நீதான் அவகிட்ட சொல்லணும்."

"சொல்றேன்."

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும்தான்" என்றார் பத்ரிநாத். "நீ சொல்றச்சே நான் பக்கத்துல நிக்கறேன்."

துண்டு நகராமலிருக்க இருவரும் ஆளுக்கொரு முனையில் விரலை வைத்தபடியே இருந்தார்கள்.